ஒரு கை கூடுதலாகப் பூசிய ஏலரான்

மாப்பிள்ளைக்குக் குறட்டை என்று சொல்லியா, சுசீலா, ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்கள்? நம்ம ஜீவனஹள்ளி முழுக்க இதே பேச்சு. நிறுத்தியது அந்தப் பெண்ணேதான் என்கிறாள் பால்காரம்மா. சரி, அது அவர்கள் பாடு. நீ இப்படி வந்து உட்கார். இந்த நெடி உனக்கு வருகிறதா? என் பேத்தி மாடிப்படியில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போடுகிறாள். அவள் அம்மாவுக்கு இந்த வாசனை வந்தால் தலைவலி. எனக்கோ கல்யாணத்துக்கு முந்தின வயது திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

ஏனென்றால் நான் ஏரோப்ளேனுக்குத் துணி தைத்தவள். சிரிக்காதே. அந்தக் காலத்தில் ஊருக்கு வெளியே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் சின்னப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கிருந்த ப்ளேனெல்லாம் இரண்டு பேர் உட்காரும் பொடிசுகள். உள்ளே எலும்புக்கூடு, மேலே துணி. நம்ம குடை மாதிரி. துணி நைந்துபோனால் உரித்துவிட்டுப் புதிதாகப் போர்த்தி, ஒவ்வொரு எலும்போடும் சேர்த்துத் தைக்க வேண்டும். அதன் மேல் ஒரு மருந்தைப் பூசுவார்கள். அசல் நகப்பாலிஷ் வாசனை. பூசிக் காய்ந்ததும் தொளதொளவென்று கிடந்த துணி மேளத்தோல் போல விறைத்துக்கொள்ளும்.

அதற்கு முன்னால் நான் சிவாஜிநகரில் சித்தியின் தையல் கடையில், ஜன்னல் இல்லாத மூலையில், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ப்ளேன் வேலைக்குக் கிளம்பியபோது சித்தி வழியனுப்பிய அழகைக் கேள்.

“போ போ. ஏரோப்ளேனுக்குப் பாவாடை தெச்சிட்டு ஒரு மாசத்துல திரும்பி வா. உன் ஸ்டூலு இங்கதான் இருக்கும்.”

அந்த ஸ்டூலை நினைத்தாலே எனக்கு முதுகு வலிக்கும். இங்கேயோ ஷெட்டின் கதவைத் திறந்தால் மைதானம் முழுக்கக் காற்று. எப்படியாவது ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்ஜினியர் ராவ் சார் கன்னடத்துக்காரர். தமிழை நிதானமாக, எண்ணி எண்ணிப் பேசுவார்.

“ஒரு ஏலரான் முழுசா நீயே தெச்சுக் குடும்மா. சரியா வந்தா வேலை உனக்கு. இல்லேன்னா கோச்சுக்கக் கூடாது.”

ஏலரான் என்றால் இறக்கையின் பின்னோரத்தில் கீல் போட்டு மாட்டியிருக்கும் பலகை. ஓட்டுகிறவர் கையில் இருக்கும் கம்பை இடது பக்கம் சாய்த்தால், இடது இறக்கையில் இருக்கும் பலகை மேலே எழும்பும், வலது பக்கத்தது கீழே இறங்கும். தூக்கத்தில் நாம் புரண்டு படுக்கிறோமே, அது மாதிரி ப்ளேன் இடது பக்கம் சாயும். முதல் தடவை ராவ் சார் ஆட்டிக் காட்டியபோது, இவ்வளவு பெரிய சாமானை இந்த முறம்தானா திருப்புகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தைத்தேன் சுசீலா, உயிரைக் கொடுத்துத் தைத்தேன். ஆனால் மருந்து பூசிக் காய்ந்ததும், தையல் போட்ட இடமெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு நின்றது. ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தையல் வெளியே தெரிந்தால் மானம் போன மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே பெயிண்ட் அடிக்கிற சகாயம் மாதாகோயில் பாட்டை விசிலடித்துக்கொண்டே வந்து பார்த்தார்.

“தையல் தெரியுதேண்ணே. சார் பாத்தா அனுப்பிடுவாரு.”

“இதுக்கா அழுவுற? எங்கிட்ட குடு. பவுடர் போட்ட மாதிரி ஆக்கிடறேன்.”

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் பெயிண்ட் பூசினார். தேய்த்தார், திரும்பப் பூசினார். ஓரத்தில் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஏலரான் கண்ணாடியாக மின்னியது. ஒரு முடிச்சும் தெரியவில்லை. நான் மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

மறுநாள் ராவ் சார் அதை நிறுத்துப் பார்க்க எடுத்துப்போனார். தராசில் வைப்பதில்லை. கத்தி முனை மாதிரி இரண்டு தாங்கி இருக்கும். கீல் அதன் மேல் உட்காரும்படி பலகையை வைத்துவிட்டுக் கையை எடுப்பார். மட்டமாக நின்றால் சரி. கீலுக்கு முன்பக்கம் ஈயக்கட்டி வைத்திருப்பார்கள், பின்பக்கத்துக் கனத்துக்கு ஈடாக.

கையை எடுத்தார். பின்பக்கம் தொப்பென்று இறங்கியது.

“துணி டபுளா போட்டியாம்மா?”

“இல்ல சார்.”

“பின்னாடி இவ்ளோ வெயிட் இருந்தா, வேகமாப் போறப்ப இது தானா ஆட ஆரம்பிச்சுடும். ஆட ஆரம்பிச்சா நிக்காது. எறக்கையே பிச்சிக்கும்.”

மொட்டைமாடிக் கொடியில் ஈரப் புடவையின் முனை காற்றில் படபடவென்று அடித்து, அந்தக் கம்பத்தையே ஆட்டுமே, அதுதான் என் கண்ணுக்கு வந்தது. கூடவே சித்தி கடை ஸ்டூலும் வந்தது. தைத்தவள் நான், கனம் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. பெயிண்டுக்கு எடை உண்டென்று யாருக்குத் தோன்றும்?

சகாயம் விசிலை நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

“அது தையல் இல்ல சார். நான்தான் ஒரு கை கூடுதலா பெயிண்ட் அடிச்சேன்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. முடிச்சு தெரிஞ்சுது. பாவம், அந்தப் பொண்ண அனுப்பிடுவீங்கன்னு...”

ராவ் சார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“முடிச்சு தெரியணும்யா. தடவிப் பாத்தா கைல படணும், அப்பதான் தையல் விட்டுப்போகலேன்னு தெரியும். படலேன்னாதான் நான் அனுப்புவேன்.”

“அப்ப முன்னாடி இன்னும் கொஞ்சம் ஈயம் வெச்சிடலாமா சார்?”

“ஈயம் கீலுக்குக் கிட்ட இருக்கு. நீ பூசினது கடைசி ஓரத்துல. அங்க ஒரு ஸ்பூன் ஏத்தினா இங்க ஒரு கரண்டி கேக்கும். இதுல அட்ஜஸ்ட் எல்லாம் கிடையாது. தேய்ச்சு எடுங்க, ரெண்டு பேரும்.”

பலகையின் அந்தப் பக்கம் சகாயம், இந்தப் பக்கம் நான். துணி கிழியாமல் நனைத்த உப்புத்தாளால் மெல்ல மெல்லத் தேய்க்க வேண்டும். நிமிர்ந்தால் அவர் முகம், குனிந்தால் என் முடிச்சுகள். கட்டிய மல்லிமொட்டு மாதிரி ஒவ்வொன்றாக மேலே வந்தன. எவ்வளவு நேரம்தான் பேசாமல் தேய்ப்பது? பேசினோம். அண்ணே என்று கூப்பிட்டவரையா கட்டிக்கொண்டாய் என்று நீ கேட்பாய் என்று தெரியும். தேய்த்து முடிப்பதற்குள் அந்த அண்ணே எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

அப்புறம் தாங்கியில் வைத்தபோது பலகை மட்டமாக நின்றது. ராவ் சார் கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுகளை வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். கடைசி முடிச்சுக்கு வந்ததும் கண்ணைத் திறந்தார்.

“நாளைலேருந்து வாம்மா.”

சித்தி அந்த ஸ்டூலில் தன் நாத்தனார் மகளை உட்காரவைத்தாள்.

இப்போது அந்த மைதானத்தில் அடுக்குமாடி வீடுகள். வேறொரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்தேன், ஷெட் நின்ற இடம் எதுவென்றே பிடிபடவில்லை. துணி ப்ளேனும் கண்ணில் படுவதில்லை, எல்லாம் தகரம். ராவ் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். சகாயம் உள்ளே டீவி பார்க்கிறார்; பல் கட்டினதிலிருந்து விசில் வெறும் காற்றாகத்தான் வருகிறது. முந்தாநாள் வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்தார். ஒரே ஒரு கைதான். இன்னொரு கை அடித்தால் பளபளவென்று இருக்குமே என்றேன்.

“வேணாம்மா, கீல் தாங்காது” என்கிறார். வீட்டுக் கதவுக்கு, சுசீலா. நான் என்ன...

இரு, குழாயில் காற்று சீறுகிறது. காவேரித் தண்ணீர் வந்தாச்சு. அந்த நீல ட்ரம்மை இப்படித் தள்ளு, மூடியை நான் எடுக்கிறேன்.