கடைசி ஜாயிண்ட் வண்டிக்காரருடையது

சகலை செல்வராஜ் தவறிவிட்டார் என்று மனைவி அழைத்துச் சொன்னபோது நான் பத்து பாகாட் நகரில் என் அலுவலகத்தில் இருந்தேன். காலையில் குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை. உலு திராமில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அழுதேன். இப்போது இதை எழுதும்போது அழுகை வரவில்லை. வெட்கம்தான் வருகிறது.

அவர் என் மனைவியின் அக்காவை மணந்தவர். வாரமெல்லாம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த களைப்பு இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் பாயை விரித்துவிடுவார். சொந்தக்காரர் வண்டி, பக்கத்து வீட்டார் வண்டி எதுவானாலும் ஒயர் வேலை அவருடையது. ஆனால் ஒரு கட்டளை உண்டு. எல்லா இணைப்பையும் அவர் பற்றவைப்பார். கடைசி ஒன்றை மட்டும் வண்டிக்காரரே சோல்டர் செய்ய வேண்டும்.

“அப்பத்தான் நடு ரோட்ல நின்னா யார ஏசணும்னு தெரியும்லா,” என்பார்.

போன தீபாவளிக்கு முன்பு என் காரின் ஹார்ன் ஒயரைப் புதிதாக இழுத்தார். கடைசி இணைப்பு என் முறை. “ஒயர சூடாக்குங்க சகல, ஈயத்த இல்ல,” என்றார். ஈயம் அழகாக உருகி ஓடியது. பெருமையோடு நிமிர்ந்தால், கறுப்பு உறை பாயிலேயே கிடக்கிறது. சூடு காட்டினால் சுருங்கி இணைப்பைக் கவ்விக்கொள்ளும் உறை அது. அதை முதலிலேயே ஒயரில் கோத்துவிட வேண்டும். இரண்டு முனையும் சேர்ந்தபின் கடவுளே வந்தாலும் நுழைக்க முடியாது.

“வெட்டிட்டு மறுபடி போடுங்க,” என்றார்.

“டேப் சுத்துனா போதும் சகல, சாப்பாடு ஆறுது.”

“நம்ம வெயிலுக்கு டேப் நிக்காது. நழுவி இரும்புல பட்டா ஹார்ன் ஓயாம கத்தும். நான் தொடமாட்டேன். நீங்களே வந்து போடுங்க.”

டேப்பைச் சுற்றிவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அதற்குப்பின் பார்க்கும்போதெல்லாம் என் காரை நோக்கித் தாடையை உயர்த்திச் சிரிப்பார். நானும் அடுத்த வாரம் என்பேன்.

ஈமச்சடங்கன்று என் கார் வாசலில் வெயிலில் நின்றது. சவ வண்டிக்கு வழிவிட அதை நகர்த்தச் சொன்னார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஹார்ன் கத்தத் தொடங்கியது. உள்ளே தேவாரம் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரர் “கெரெத்தா சியாப்பா?” என்று, யாருடைய காரென விசாரித்தார். நான் வேட்டியோடு ஸ்டியரிங்கின் அடியில் தலையை நுழைத்து, கால்களைத் தெருவில் நீட்டிக் கிடந்தேன். பசை இளகி டேப் நழுவியிருந்தது. ஒயரைப் பிடித்து விலக்கியதும் சத்தம் நின்றது. அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

எழுந்து பார்த்தால் வாசலில் அக்கா. அழுது முகம் வீங்கியிருந்தது.

“டேப் சுத்துன வண்டிதானே அது?”

தலையாட்டினேன்.

“நீங்களே போட்டுக் குடுத்துருங்கன்னு நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ‘வேணாம், சகல வருவாரு’ன்னுட்டாரு. அந்த உறைய இன்னும் அலமாரியிலதான் வச்சிருக்காரு.”

அவரைக் கடைசியாகப் பார்க்கப் போனவன், முகத்தைப் பார்க்கக் கூசி, காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தேன்.

தகனம் முடிந்து குளித்துவிட்டு வந்து, அக்காவிடம் அந்த உறையைக் கேட்டு வாங்கினேன். அவருடைய பாயை விரித்தேன். பழைய இணைப்பை வெட்டி, முதலில் உறையைக் கோத்தேன். பிறகு ஒயரைச் சூடாக்கி ஈயத்தை ஓடவிட்டு, உறையை இழுத்துச் சுருக்கினேன். இந்த இடத்தில் அவர் “அடிங்க” என்பார். ஹார்னை அடித்துப் பார்த்தால்தான் அவருக்கு வேலை முடிந்த கணக்கு. சாவு வீட்டு வாசலில் எப்படி அடிப்பது என்று உட்கார்ந்திருந்தேன்.

“அடிச்சுப் பாருங்க,” என்றார் அக்கா, கதவோரம் நின்று. “பாக்காம விட்டா அவருக்குப் பிடிக்காது.”

சகலை, இவ்வளவு நாள் காக்கவைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நிம்மதியாகப் போங்கள்.

ஹார்னை ஒருமுறை அழுத்தினேன். கையை எடுத்ததும் நின்றது.