ரிசப்ஷனில் ஒரு மீன்தொட்டி

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். மூலையில் மீன்தொட்டி. பிளாஸ்டிக் செடியைச் சுற்றி ஒரே ஒரு மீன் வளைய வந்துகொண்டிருந்தது. பல்வலி போய் வயிற்றெரிச்சல் பிடித்துக்கொண்டது. சிரிக்காதீர்கள், எனக்கு மீன்தொட்டி என்றாலே அப்படித்தான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாக இருந்தேன். ரூமில் ஆறு பேர், எந்நேரமும் ஈரத்துண்டு நாற்றம், ஆறு பேருக்கும் பெர்மனென்ட் கனவு. நான் ராமநாதபுரத்துக் கடலோரத்தான் என்று எப்படியோ தெரிந்துகொண்ட மேனேஜர், ரிசப்ஷனுக்குக் கூப்பிட்டு ஒரு காலித் தொட்டியைக் காட்டினார். "உங்க ஊர்ல கலர் மீன் கிடைக்குமாமே? ஒரு ஜோடி வரவெச்சு நீயே பாத்துக்க. கன்பர்மேஷன் லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்."

எங்கள் கடலில் கரைக்குக் கிட்டவே ஒரு பவளப்பாறைத் திட்டு உண்டு, பார் என்போம். அதில் கடல்சாமந்தி பூப்போல விரிந்திருக்கும். வேறு மீன் தொட்டால் கொட்டிவிடும். கோமாளி மீன் மட்டும் பாயில் புரளும் பிள்ளைபோல அதற்குள் புரளும். கறுத்த உடம்பு, வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். சாமந்தியை விட்டு ஒரு முழம் தாண்டாது. சின்ன வயதில் நானும் அண்ணனும் முங்கிப்போய் வம்பிழுப்போம். விரலைக் கடிக்க வரும், அவ்வளவு திமிர்!

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனிடம் சொன்னேன். சாமந்தியைப் பாறையோடு பெயர்த்து, ஒரு ஜோடி மீனோடு கடல்தண்ணீர்க் கேனில் போட்டு பஸ்ஸில் அனுப்பினான். ரிசப்ஷனைக் கூட்டுகிற அக்கா கிட்டே வந்து பார்த்தாள். "இன்னா தம்பி, அதும் வூட்டையே பேத்துக்கினு வந்துட்டியா?"

ஞாயிறு லீவு. செக்யூரிட்டி மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவார். தொட்டியின் காற்று மோட்டாரும் நின்றுவிடும். திங்கட்கிழமை மீன் இரண்டும் செத்து மிதந்தன. சாமந்தி கூழாகி நாறியது. மேனேஜரிடம் ஸ்விட்சைப் பற்றிச் சொன்னேன். "ரூல் ரூல்தான்பா. வேற ஜோடி சொல்லிவிடு."

லிஸ்ட் இன்னும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு மறுபடி போன் போட்டேன். அதுவும் செத்தது. மறுபடியும் போட்டேன். எத்தனை ஜோடி என்று எண்ணக்கூட இல்லை, வெட்கங்கெட்டவன்.

பெர்மனென்ட் ஆனேன். கொஞ்ச நாளில் தொட்டியைத் தூக்கிவிட்டு அங்கே சோபா போட்டார்கள். பிறகு கம்பெனியையே இழுத்து மூடினார்கள்.

மகளுக்கு அந்த மீனைக் காட்டலாம் என்று ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போனேன். அண்ணன்தான் படகை எடுத்தான். முங்கி முங்கித் தேடினேன். பாரெங்கும் பெயர்த்த பள்ளங்கள், சாம்பல் பிடித்த பாறை. மூச்சு வாங்க மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுகூட இல்லையேண்ணே."

அவன் என்னைப் பார்க்கவில்லை.

"கடைசி ஜோடியையும் நீதானடா கேட்ட?"