எட்டே முக்கால் பஸ்

ஒன்பது மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்திவிடுவேன். பதினெட்டு வருட வழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தாமதமாக வருகிறவர்கள் வராந்தாவில் நிற்க வேண்டும். அரை மணி கழித்து, போனால் போகிறது என்று உள்ளே விடுவேன். அதற்குள் புதுப் பாடத்தின் விளக்கம் முடிந்து, கரும்பலகையில் கணக்கு பாதி ஓடியிருக்கும்.

தேர்ச்சி குறைந்தால் எங்கள் கணிதத் துறை, கல்லூரி முதல்வருக்குக் காரணம் எழுதித் தர வேண்டும். 'மாணவர்களிடம் ஆர்வமில்லை, அடிப்படை போதவில்லை.' வருடா வருடம் இதே வரிதான். தேதியை மட்டும் மாற்றுவோம். புதிதாக வந்த துறைத்தலைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவர், அந்தத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

"ஃபெயிலானவங்க ஒவ்வொருத்தரும் எங்கேருந்து வர்றாங்கன்னு பக்கத்துல எழுதிக் கொடுங்க சார்."

இது என்ன மக்கள்தொகைக் கணக்கெடுப்பா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். பாதிக்கு மேல் நெடுங்காட்டுப் பக்கம்.

அவர்களில், தினமும் வராந்தாவில் நின்று, என் பாடத்தில் இரண்டு முறை தவறிய பெண்ணைக் கூப்பிட்டேன். முந்தின பஸ்ஸில் வந்தால் என்ன என்று கேட்டேன்.

"அது ஆறே முக்காலுக்கு சார். அம்மா நடவுக்குப் போயிருவாங்க. நான்தான் சோறாக்கி வச்சிட்டுக் கெளம்பணும். அத விட்டா எட்டே முக்கால்தான்." தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்ப நிப்பாட்டிருவேன்னு அப்பா சொல்லிட்டாங்க."

சாக்கு என்றுதான் நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க, மறுநாள் காலை நண்பரின் வண்டியில் நெடுங்காடு போய் அந்த பஸ்ஸுக்கு நின்றேன். படிக்கட்டு வரை கூட்டம். ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்தேன். கல்லூரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது இருபது.

"சார், இன்னிக்கு நீங்களும் வராந்தாதானா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கமாகிவிட்டது.

அன்றே அந்தத் தாளில் எழுதினேன்: 'ஒன்பது மணிக்கு நான் கதவைச் சாத்திவிடுகிறேன்.'

துறைத்தலைவி இரண்டு முறை படித்தார். "இதை அப்படியே அனுப்பவா சார்?"

"அனுப்புங்க மேடம்."

சீனியர் என்று முதல் மணி வகுப்பை நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று. அதை நூலக நேரமாக்கிவிட்டு மூன்றாம் மணிக்கு மாறினேன். மதிய இடைவேளையில் பழைய பாடங்களை மறுபடி நடத்தினேன். முதல் நாளே அந்தப் பெண் கேட்டாள், "சார், அந்த மொத வரி எங்கேருந்து வந்துச்சு?" இரண்டு வருடமாக, ஒரு கணக்கின் முதல் வரியை நான் எழுதுவதை அவள் பார்த்ததே இல்லை.

முடிவு வந்த மறுநாள் காலை போன் செய்தாள். "சார், பாஸ்!"

பின்னால் ஒரே இரைச்சல். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எம்.எஸ்ஸி சேர என்னென்ன வேணும்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாங்க சார். பஸ்லதான் வந்துக்கிட்டிருக்கேன்."

மணி பார்த்தேன். ஒன்பது. எழுந்து போய்க் கல்லூரி வாசலில் நின்றேன்.