அக்கா சான்றிதழ் எடுத்த கதை

எங்கள் தோட்டத்தில் முதியோர் பகல்நேர நிலையம் நடக்கும் கட்டடம் முன்பு பிள்ளைக் காம்பராவாக இருந்தது. தேயிலைக் கொழுந்துக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களில் குழந்தைகள் குறைந்து வயதானவர்கள் கூடியபிறகு, கேகாலையிலிருந்த ஒரு தொண்டு நிறுவனம் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அதைத் திருத்தி எடுத்தது. கூரை மரத்திலிருந்த தொட்டில் கொக்கிகளை மட்டும் யாரும் கழற்றவில்லை. முதல் நாள் வந்த ஒரு பெரியவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்களையும் இதுல போட்டு ஆட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வேண்டியவள் நான். நிலையத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, கேகாலையில் பராமரிப்பாளர் பயிற்சியும் முடித்திருந்தேன். வெளிநாடு போகும் எண்ணத்தில்தான் அதைப் படித்தேன், விசா சரிவரவில்லை. பயிற்சி முழுக்கச் சிங்களத்தில் நடந்ததால் எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. சான்றிதழ் உள்ள ஆள் வேண்டுமென்று நிறுவனம் தேடியபோது என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

உதவிக்கு ஓர் ஆளாக, மேல் லயத்து அக்காவைக் கேட்டு எடுத்தேன். நாற்பதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்துக்குப் போனவர். படுக்கையில் கிடந்த மாமியாரைப் பல வருடம் முகம் சுளிக்காமல் பார்த்தவர். புளத்கொகுபிட்டிய டவுன் கடைகளில் அவர் சிங்களத்தில் பேரம் பேசினால் கடைக்காரர்கள் சிரித்துக்கொண்டே விலையைக் குறைப்பார்கள். வந்த சில நாளிலேயே பெரியவர்கள் என்னை விட்டுவிட்டு அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். கண் தெரியாத ஓர் அம்மா, அக்கா வந்து தலை வாரிவிடும்வரை தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார்.

பாரிசவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்ட ஒரு தாத்தா எங்களிடம் வந்துகொண்டிருந்தார். ரப்பர் ஸ்டோரில் வேலை செய்தவர். வாய்த் துடுக்கு அதிகம். ஒரு பகல் நான் வேறொருவருக்குப் பிரசர் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருக்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தார். தாத்தா இருமினார். அக்கா உடனே தண்ணீர்க் கோப்பையை அவர் வாயில் வைத்தார். இருமல் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

ஓடிப்போய் அவரை முன்னால் இழுத்துக் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி அடித்தேன்.

"ஐயோ, என்னா புள்ள இது? ஏன் அவரப் போட்டு அடிக்கிற?" என்று அக்கா என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு மறுபடியும் அடித்தேன். சோற்றுக் கட்டி வெளியே விழுந்தது. தாத்தா மூச்சை இழுத்தார். கண்ணில் நீர் வடிய, "கொல்லப் பாத்தீங்களே ரெண்டு பேரும்" என்றார்.

அவர் பேசியதைக் கேட்டபிறகுதான் அவர் முதுகிலிருந்து கையை எடுத்தேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க மாமியாருக்கு இப்பிடித்தானே குடுத்தேன். அவங்களுக்கு ஒண்ணும் ஆகலயே."

"அவங்களுக்கு வாதம் இல்லயேக்கா. இவருக்குத் தொண்டையிலயும் ஒரு பக்கம் வேல செய்யாது. சாய்ச்சு வச்சுக் குடுக்கக் கூடாது. நிமித்தி உக்கார வச்சு, நல்ல பக்கமா கொஞ்சம் கொஞ்சமா குடுக்கணும். இருமுறப்ப தண்ணி குடுக்கவே கூடாது."

அக்கா சிந்திய சோற்றை அள்ளினார்.

நடந்ததை நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியது என் வேலை. அறிவித்தேன். மேற்பார்வைக்கு வரும் மிஸ், கேகாலைச் சிங்களப் பெண், மறுநாளே வந்தார். சத்தம் போடவில்லை. ஆனால் முடிவு கண்டிப்பாக இருந்தது: சான்றிதழ் இல்லாதவர் இனிச் சாப்பாடு ஊட்டவோ, ஆளைத் தூக்கவோ, மாத்திரை கொடுக்கவோ கூடாது. சமைக்கலாம், கூட்டலாம்.

அக்கா அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண் தெரியாத அம்மா வாராத தலையோடு உட்கார்ந்திருந்தார். நான் சீப்பை எடுத்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் மேல் லயத்துக்குப் போனேன்.

"கூட்டுறதுக்கு நான் எதுக்கு? பழையபடி கொழுந்தெடுக்க மலைக்கே போறேன்" என்றார் அக்கா. கோபத்தைவிட அவமானம்தான் குரலில் அதிகம்.

"மலைக்குப் போகணும்னா போங்க. ஆனா மிஸ் சொன்னது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. அன்னைக்கி நான் ரோட்டுப் பக்கம் போயிருந்தா தாத்தா இருந்திருக்க மாட்டாரு."

அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினார். பிறகு, "அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருக்கேன். தூங்கவே முடியல" என்றார்.

ஓ.எல். இல்லாதவர்களுக்குப் பயிற்சி நிலையத்தில் இடமில்லை. ஆனால் வேலை அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. மிஸ்ஸிடம் பேசினேன். விண்ணப்பம் அவரே கொண்டுவந்தார். அக்காவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் பாடங்களை நான் வாய்வழியாகச் சொல்லிக்கொடுத்தேன். கை கழுவுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, இரத்தத்தில் சீனி குறைந்தால் தெரியும் அறிகுறிகள் என்று அக்கா ரொட்டி தட்டிக்கொண்டே ஒப்பிப்பார்.

சோதிக்க வந்தவர் ஓய்வுபெற்ற தாதி. நிலையத்திலேயே சோதனை நடந்தது. தாத்தாவுக்குச் சட்டை மாற்றி, முகம் கழுவி, சாப்பாடு கொடுக்கச் சொன்னார். அக்கா ஒரு தவறும் விடவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்தார், நல்ல பக்கமாக ஊட்டினார், வாயைத் துடைத்தார். நான் மனதுக்குள் பாஸ் போட்டுவிட்டேன். அந்தத் தாதியோ இல்லை என்று தலையை ஆட்டினார். "அம்மே, எயாட்ட கரன்ட தென்ட" என்றார். அவரே செய்யட்டும், விடுங்கள் என்று அர்த்தம். வலது கை நன்றாக வேலை செய்கிற மனிதருக்கு ஏன் ஊட்டுகிறீர்கள், ஏன் பொத்தான் போட்டுவிடுகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கை இப்படியே சும்மா கிடந்தால் அதுவும் போய்விடும் என்றார். அந்தப் பகுதியில் அக்கா தேறவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி வருவதாகத் தாதி சொல்லிப் போனார்.

அக்காவுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. தாத்தா ஒற்றைக் கையால் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது அக்காவின் விரல்கள் தாமாகவே முன்னால் போகும். பிறகு கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நிற்கப் பழகினார். தாத்தாவுக்கு ஆத்திரம் வந்தது.

"சம்பளத்த வாங்கிக்கிட்டு வேடிக்க பாக்குறியா?"

"ஆமா தாத்தா. இனிமே அதான் என் வேல. நீங்க போடுங்க."

முதலில் ஒரு பொத்தான், பிறகு இரண்டு. சோறு பாதி மடியில் விழுந்தது. வீட்டிலும் ஊட்டிவிடவேண்டாமென்று தாத்தாவின் மருமகளிடம் அக்கா சொல்லிவைத்தார். தாதி இரண்டாம் முறை வந்தபோது, தாத்தா சட்டையை மாட்டி முடிக்கும்வரை அக்கா கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டே நின்றார். மேல் பொத்தான் மாறிப் போயிருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. தாத்தாவே குனிந்து பார்த்துத் திருத்திக்கொண்டார்.

சான்றிதழ் வந்த அன்று அக்கா எல்லோருக்கும் பால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அதற்குப்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். சில மாதங்களில், கொழும்பில் ஒரு வீட்டில் வயதான அம்மாவைப் பார்க்க ஆள் கேட்டார்கள். சான்றிதழ் உள்ளவர்தான் வேண்டுமாம். எங்கள் நிலையத்தால் கொடுக்க முடியாத சம்பளம். அக்காவின் மகள் பல்கலைக்கழகம் போகும் எண்ணத்தில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்ல அவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"நீதான் படிக்க வச்ச. ஒன்னையே விட்டுட்டுப் போறேன்னு இருக்கு."

"போங்கக்கா. நானும் வெளிய போகத்தானே படிச்சேன்" என்றேன். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை.

அவர் ரம்புக்கனையில் ரயிலேறிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு மிஸ் இன்னும் ஆள் தேடுகிறார். இரண்டு பெண்கள் வந்து கேட்டார்கள். சான்றிதழ் வேண்டுமென்றதும் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். இப்போதைக்கு நானும் ஒரு சமையல்காரரும்தான் இருக்கிறோம். கண் தெரியாத அம்மா என்னைத் தலை வாரவிடுகிறார், சிக்கு எடுக்கத் தெரியவில்லை என்று திட்டிக்கொண்டே.

போன வாரம் தாத்தா கேட்டார், "நீயும் போயிருவியா?"

"இப்போதைக்கு இல்ல தாத்தா."

"அப்பறம்?"

"தெரியல" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, வெயிலில் உட்காரவேண்டும், நாற்காலியை வெளியே போடு என்றார்.