கொதிக்க வைத்த பாறை

செனாய் நகரில் நாங்கள் இருந்த இரட்டை மாடி வீட்டின் கூடத்தில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மீன்கள் நான்குதான். மற்றதெல்லாம் பவளமும் பாறையும். கடலில் கிடந்த பாறையை ஈரம் காயாமல் கொண்டுவந்து விற்பார்கள். அதன் பொந்துகளில் ஒளிந்துகொண்டு, நாம் கேட்காத உயிர்களும் வீட்டுக்குள் வந்துவிடும். என் மனைவி அவற்றை "டிக்கெட் எடுக்காம வந்தவங்க" என்பாள்.

தொட்டியை வாங்கியது நான். அதைப் பார்க்கத் தெரிந்தவள் அவள். எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து, சர்க்யூட் பலகைகளில் ஈயம் சரியாக ஒட்டாத இடங்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் பூதக்கண்ணாடியோடு தொட்டி முன் உட்கார்ந்துவிடுவாள். இரு பக்கமும் வெள்ளை முள் வைத்த புழு, நகத்தளவு நட்சத்திர மீன், பவளத்தைக் கிள்ளித் தின்ற ரோமக்கால் நண்டு என்று எதைக் கண்டாலும் படம் எடுத்து, தொட்டி வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் போட்டு என்னவென்று கேட்பாள். பதில் வரும்வரை என்னைத் தொட விடமாட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயங்காலங்கள் அப்படித்தான் போயின.

கடைசியாக வாங்கிய பாறையில் பழுப்பு நிறப் பொத்தான்கள் போல எவையோ முளைத்தன. முதலில் ஐந்தாறு. பிறகு பாறையின் ஒரு பக்கம் முழுவதும். பக்கத்திலிருந்த பச்சைப் பவளம் சுருங்க ஆரம்பித்தது. நான் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன், கண்ணாடி அனிமோன் என்று ஒன்று, தொட்டியையே பிடித்துக்கொள்ளும் களை. இது அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டோம். வெளியே நல்ல மழை. பாறையை வாளியில் எடுத்துப் போட்டேன். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"இது அது இல்லைங்க. அதுக்குக் கை நீளமா, மெல்லிசா இருக்கும். இதுக்குப் பாருங்க, குட்டைக் கை. எல்லாம் ஒரே தோல்ல ஒட்டிக்கிட்டு இருக்கு."

"எல்லாம் ஒண்ணுதான் லா. விட்டா தொட்டியே போயிரும்."

"காலையிலதான் குரூப்புல படம் போட்டேன். பதில் வரட்டும். கேட்டுட்டு செய்ங்க."

நான் கேட்கவில்லை. சுடுதண்ணீரில் போட்டால் எல்லாம் செத்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். பெரிய பானையில் பாறையை இறக்கி அடுப்பை மூட்டினேன். சாரல் அடித்ததால் சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தோம். தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியபோது எனக்கு வேலையிடத்திலிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே கூடத்துக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் மூடியைத் திறந்து பானைக்கு மேலே முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டாலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியாது.

"எல்லாம் செத்துருச்சு, பாவம்," என்றாள்.

ஒரு மணி நேரத்தில் வாயில் இரும்பை வைத்த மாதிரி கசக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு அவளுக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டிக்கொண்டது. காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்தேன். இருட்டுவதற்குள் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. காரில் உட்கார வைத்து மருத்துவமனைக்கு ஓட்டினேன். வழியில் நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். பேசுவதற்கான மூச்சை அவள் மிச்சப்படுத்துகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தமிழ்ப் பெண். சின்ன வயது.

"வீட்டுல பூச்சி மருந்து எதும் அடிச்சீங்களா? என்ன சாப்பிட்டீங்க?"

"மருந்து ஒண்ணும் இல்ல டாக்டர். மத்தியானம் மீன் கறி சாப்பிட்டோம்."

பாறை ஞாபகத்துக்கு வராமல் இல்லை. கல்லை வேகவைத்தேன் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. அவர்கள் மீனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று அவள் போனைத் திறந்தேன். குழுவில் பதில் வந்திருந்தது. பழுப்புப் பொத்தான்களின் பெயரைப் போட்டு, அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: விஷம். வெறும் கையால் தொடாதே. எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்காதே. ஆவியிலேயே விஷம் ஏறும்.

நேரத்தைப் பார்த்தேன். நான் அடுப்பை மூட்டிய பத்தாவது நிமிடத்தில் வந்த பதில்.

ஓடிப்போய் டாக்டரிடம் போனைக் காட்டினேன். அவர் நின்ற இடத்திலேயே படித்தார்.

"இத ஏங்க முதல்லயே சொல்லல?"

மாற்று மருந்து கிடையாது, மூச்சுக்குத் துணை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் வழி என்றார். எனக்கு இரண்டு நாள் இருமலோடு போயிற்று. அவளை ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை வீட்டுக்கு வந்து, குழுவில் இருந்தவர்கள் சொன்னபடி கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, மிச்சப் பாறைகளை வெளியே குளோரோக்ஸ் வெளுப்புத் திரவம் கரைத்த தண்ணீரில் மூழ்க வைத்தேன். மீன்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பானையைக் குப்பையில் போட்டேன்.

அவள் கண் திறந்து, பேச முடிந்த அன்று, முதலில் அதன் பெயரைத்தான் கேட்டாள். சொன்னேன்.

"கேட்டுட்டு செய்ங்கன்னு சொன்னேன்ல," என்றாள்.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ஈயப் புகை படும் இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலையை விட்டாள். சந்தைக்குப் போனால் வழியில் இரண்டு இடத்தில் நின்றுதான் நடப்பாள். மாடிப்படி ஏற முடியாததால் கூடத்தில், தொட்டி இருந்த சுவரை ஒட்டி மெத்தை போட்டுப் படுக்கிறாள். நானும் கீழேயே, அவள் பக்கத்தில் பாய் விரித்துக்கொள்கிறேன். மாடியில் உள்ள துணிகளை எடுக்க நான் மட்டும் போய் வருகிறேன்.