வரியில்லாமல் வரும் சட்டைகள்

இங்கே ஜெர்மனியில் சிலர் சட்டையின் விலையைப் பார்ப்பதற்கு முன், கழுத்தைப் புரட்டி அது எந்த நாட்டில் தைக்கப்பட்டது என்று பார்க்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் பிர்கிட்டும் அப்படித்தான். ஒருநாள் கடையில் 'ஸ்ரீலங்கா' என்றிருந்த சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு, "உங்கள் ஊர்ப் பெண்களைக் கசக்கிப் பிழிகிறார்கள், பாவம். இதை வாங்க மாட்டேன்" என்றாள். நான் மகிழ்வேன் என்று நினைத்திருக்கிறாள். நானோ அந்தச் சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "வாங்கு. என் அக்கா அங்கேதான் தைக்கிறாள்" என்றேன். என் அரைகுறை ஜெர்மனில், அந்தச் சட்டையையே அக்கா தைத்ததாக அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டாள்.

அக்கா செல்வராணி, லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லய வீடுகளிலிருந்து ஹட்டன் பக்கம் கார்மென்ட்ஸில் துணி தைக்கப் போன முதல் பெண். இலங்கைத் துணிகளை ஐரோப்பா வரியில்லாமல் உள்ளே விடுகிறது. பதிலுக்கு, தொழிலாளர் உரிமையை மதிக்க வேண்டும் என்கிறது. முன்பு ஒருமுறை அந்தச் சலுகை நின்றபோது அக்கா இருந்த கார்மென்ட்ஸை மூடிவிட்டார்கள். மறுபடி மலையேறிக் கொழுந்து பறித்தாள். சலுகை திரும்பி வந்த பிறகுதான் இப்போதைய வேலை கிடைத்தது.

அங்கே ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. "எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்லுங்க. இல்லாட்டி சலுகையும் போயிரும், ஒங்க வேலையும் போயிரும்" என்று மேனேஜர் முதல்நாளே சொல்லியிருந்தார். சலுகை போனால் வேலை போகும் என்ற பாதி உண்மைதான். ஏதும் குறை உண்டா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். அக்கா எழுந்தாள்.

"கக்கூசுக்குப் போகக்கூட அனுமதி அட்டை வாங்கணும். சங்கம்னு வாயெடுத்தா திட்டு. ஆனா அதுக்காக சலுகைய எடுத்துறாதீங்கம்மா. எடுத்தா மொதலாளி வேற நாட்டுக்குப் போயிருவாரு, நாங்கதான் வீட்டுக்குப் போவோம். விடாம வந்து பாத்துக்கிட்டே இருங்க."

அன்று போனில் பயந்துகொண்டே கேட்டேன்: "வேல போச்சாக்கா?"

"இன்னும் போகலடி. ஆனா யாரும் எங்கூடப் பேச மாட்டேங்கறாங்க."

குழு எழுதிக் கேட்டதில் சில வாரங்களில் அட்டை ஒழிந்தது. அதைப் பார்த்து, பேசாமலிருந்த பெண்களே சங்கம் அமைத்து, அக்காவைத் தலைவியாக்கினார்கள். சலுகையும் நிற்கவில்லை. சம்பளம் மட்டும் இன்னும் போதவில்லை. அதற்குத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறாள். நானாக இருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன்.

எனக்கு இந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அக்கா தைக்கும் துணிக்கு வரி வேண்டுமா என்று பேசும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நான் ஓட்டுப் போடலாம், அவளால் முடியாது. போன தேர்தலில் மறைப்புக்குள் நின்று கட்சிப் பெயர்களை ஜெர்மனில் படித்தேன். யாருக்குப் போடுவது என்று தமிழில் யோசித்தேன். நெடுநேரம் ஆகிவிட்டது போல. வெளியே காத்திருந்தவர் மெல்லச் செருமினார்.