லண்டன் மந்திரி நிறுத்திய சைக்கிள்

"எஸ்டேட்டுப் பொண்ணுக்கு பங்க் எல்லாம் வெளங்குமா லா?"

இப்படிக் கேட்டவன் எங்கள் ரப்பர் தோட்டத்தின் கணக்கரான கிராணியாரின் மகன். கிராணியாருக்குத் தோட்டத்தில் ஒரு வீடு, சுங்கைப் பட்டாணியில் ஒரு வீடு. பாக்கார் ஆராங்கில் இருந்த அந்த டவுன் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, கையில் கித்தாரோடு கேட்டான். கித்தார் அவனுடையதல்ல, தேவாலயப் பாடகர் குழுவினுடையது. ஒலிபெருக்கியும் அங்கிருந்து இரவல் வந்ததுதான். சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன் இரண்டையும் திருப்பி வைக்காவிட்டால் பாதிரியாரிடம் மாட்டிக்கொள்வார்கள். பங்க் என்ற கோபக் கத்தல் இசையால் உலகத்தையே கொளுத்தப் போவதாகச் சொன்ன அவனும் மூன்று கூட்டாளிகளும், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பயிற்சி செய்தார்கள்.

தலைமுடியைக் கஞ்சி போட்டு நட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுவிப் படிய வாரிக்கொண்டு அதே தேவாலயத்துக்குப் போவார்கள். சட்டை முழுக்க ஊக்கு. அத்தனையும் அவரவர் அம்மாவின் தாலிச் சங்கிலியிலிருந்து கழற்றி எடுத்தவை. புடவை கட்டும்போது ஊக்கைக் காணாமல் அம்மாக்கள் கத்த, இவர்கள் பயந்துபோய் ஒன்றிரண்டைத் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

என்னை அங்கே கூட்டிப்போனவள் டிரம் வாசிப்பவனின் தங்கை, என்னோடு படித்தவள். இவர்களிடம் சத்தம் இருந்தது, கோபம் இருப்பதாகவும் சொன்னார்கள், பாட்டு எழுதத்தான் ஆளில்லை. நான் எங்கள் குடும்பத்தில் பள்ளியின் மேல்வகுப்பான ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் ஆள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவேன், அதை யாரிடமும் மறைத்ததில்லை. கிராணியார் மகன் கேட்டதற்கு, "வெளங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பீடோங் பஸ் ஏறினேன்.

எழுத வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் கிராணியார் வீட்டைக் கடக்கும்போது சைக்கிளில் ஏறி ஓட்டக் கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்துச் சட்டம். துரையும் போய்விட்டார், சட்டமும் போய்விட்டது. ஆனால் அப்பா, இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்கும் சைக்கிளை, அந்த வீட்டு வேலி தொடங்கும் இடத்தில் இறங்கி, வேலி முடியும் வரை தள்ளிக்கொண்டுதான் போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "காலு தானா எறங்கிருதும்மா" என்றார். கிராணியார் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்தபடி அதைப் பார்ப்பார். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அதை எழுதினேன். 'எறங்கு, எறங்கு, கிராணி வீடு வருது' என்று தொடங்கும் பாட்டு. கிராணி என்ற அந்தச் சொல் கேசட்டில் ஏற வேண்டும், அப்பா அதைக் காதால் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாட்டைப் படித்ததும் நால்வருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு இதுதான் என்று டிரம்காரன் குதித்தான். கிராணியார் மகன் மட்டும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த வாரம், வெளிச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதிவுக்கு உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"கிராணி வேணாம். லண்டன் மந்திரின்னு போட்டுக்கலாம்."

"லண்டன் மந்திரி உங்க வீட்டு வாசல்லயா ஒக்காந்திருக்காரு?"

"பாட்டுன்னா பொதுவா இருக்கணும் லா. எங்கப்பா கேட்டாருன்னா கித்தாரத் தொடவே விட மாட்டாரு."

"மந்திரின்னா யாரும் அடிக்க வர மாட்டாங்க" என்றான் டிரம்காரன். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வெளிநாட்டுக் கேசட்டுகளில் லண்டன் பையன்கள் லண்டன்காரர்களைத் திட்டுகிறார்கள். இவர்களும் லண்டன்காரர்களையே திட்டுவார்களாம். திட்டுவதற்குத் தோதான ஆள் அவ்வளவு தூரத்தில் இருப்பது எத்தனை வசதி!

நான் சண்டை போட்டேன். காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. மந்திரியையே பாடிப் பதிவு செய்தார்கள். நடுவில் ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தமும் ஏறிவிட்டது. கேசட் முழுவதிலும் உண்மையான சத்தம் அது ஒன்றுதான். அட்டைப்படத்துக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கே வந்து, துணி காயப்போட்ட கொடிக்கு முன்னால் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்ல சேலையாக எடுத்துக் காயப்போட்டார். பழசையே போடச் சொன்னான் கிராணியார் மகன். ஏழ்மை தெரிய வேண்டுமாம். அட்டையின் பின்புறத்தில், பொடி எழுத்தில், 'தோட்டத்துத் தோழி ஒருவருக்கு நன்றி.'

அந்தக் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரேடியோவுக்குப் பக்கத்தில் குனிந்து, மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"நீ எழுதினதாம்மா?"

"ஆமாப்பா."

"நல்லாருக்கு." ரேடியோவை அணைத்தார். "லண்டன் மந்திரி ஏம்மா நம்ம சைக்கிள நிறுத்துறாரு?"

கிராணியார் மகனிடம் இதைப் போய்ச் சொன்னேன். சிரித்தான். என் அப்பாவுக்கு இந்த மாதிரிப் பாட்டெல்லாம் புரியாது என்றான். அவருக்குப் புரிந்த அளவு அந்த நால்வருக்கும் புரிந்திருந்தால் ஆல்பம் வேறு மாதிரி வந்திருக்கும்.

பங்க் வாசிக்கக் கித்தாரில் மூன்று கார்டு, மூன்றே விரல் பிடிப்பு, தெரிந்தால் போதும் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதை மட்டும் நான் நம்பினேன். தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்ததும் ஒரு பழைய கித்தார் வாங்கினேன். அந்த மூன்றையும் அவர்கள் விரல்களைப் பார்த்தே கற்றிருந்தேன். தட்டுவதற்குப் பக்கத்து வீட்டு அக்கா பால் வாளியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார், நன்றாகவே தட்டினார். போன சனிக்கிழமை எங்கள் வீட்டிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்து, நான் எழுதியபடியே பாட்டைப் பதிவு செய்தோம். கிராணி என்ற சொல் வருகிற இடங்களில் கொஞ்சம் கூடுதலாகவே கத்தியிருக்கிறேன். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய், கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி மறுபடியும் ஓடவிட்டார்.

இன்று காலை ஒரு பிரதியை பீடோங்கில் முடிவெட்டும் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் நாள் முழுக்கப் பாட்டுப் போடுவார். கிராணியார் முடி வெட்டிக்கொள்வதும் அங்கேதான்.